வியாழக்கிழமை லீவு

"யாரும் நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க," என்று சரீத்தோ வாசலை மறித்து நின்று, வெளியே போகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஸ்டேஷன் பக்கத்துல பர்கர் கடை இருக்குல்ல, அங்க ஒரு காபி குடிங்க. இல்லையா, சூப்பர் மார்க்கெட்டுல போய் ஒரு சுத்து சுத்துங்க. எதுவும் வாங்கணும்னு இல்ல. கொஞ்ச நேரம் நின்னாப் போதும்."

உள்ளே லூதிங் தன் அக்கா பெலிசாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உடுத்திவிட்டவர்கள் மேல் பொத்தானைப் போடாமல் விட்டிருந்தார்கள். பெலிசா அறுபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் மேல் பொத்தானைத் திறந்து விட்டவள் அல்ல. இந்த இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸின் கோடையில் வேர்த்து ஊற்றும்போதும் போட்டுத்தான் இருப்பாள். துவாரம் சின்னது. லூதிங் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தாள். காவலாளி இரண்டாவது முறையாக எட்டிப் பார்த்தான். ஆஸ்பத்திரிப் பிணவறையை ஒட்டிய அந்தச் சின்னக் கூடத்தை நாலு மணிக்குப் பூட்டியாக வேண்டும்.

நாளைக் காலையில் தகடு அடித்துப் பெட்டியை மூடிவிடுவார்கள். சனிக்கிழமை விமானம். பிலிப்பைன்ஸில், பத்தாங்காஸ் பக்கத்துச் சொந்த ஊரில், தம்பி கல்லறையைக் கட்டித் தயாராக வைத்திருக்கிறான். அக்காவுக்காக அவன் கட்டுவதாகச் சொன்னவற்றில் சொன்ன தேதிக்கு முடிந்தது அது ஒன்றுதான்.

சரீத்தோ சொன்னது ஊர் வழக்கம். சாவைப் பார்த்துவிட்டு யாரும் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. செத்தவர்களுக்கு நம்மை விட்டுப் போக மனசு வராது, பின்னாலேயே வருவார்கள். அதனால் வழியில் எங்கேயாவது நின்று, உட்கார்ந்து, ஒரு வாய் எதையாவது குடித்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும். அவர்கள் புது இடத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவார்கள். ஊரில் அதற்கு உதறுதல் என்றே பெயர். அன்பு வைத்தவர்களை உதற ஒரு காபி போதும் என்று கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான்.

பொத்தான் போட்டு முடித்தபோது டொனாட்டெல்லா வெள்ளைப் பூக்களோடு உள்ளே வந்தாள். பெலிசா இருபத்தாறு வருஷம் வேலை செய்த வீட்டு எஜமானி சிஞோராவின் மகள். கிழவிக்குத் தொண்ணூற்றொன்று, வர முடியவில்லை. டொனாட்டெல்லா பெட்டியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதாள்.

"எங்க வீட்டு மனுஷி அவ," என்றாள். "எங்க அம்மாவுக்கு என்னைவிட அவதான் பொண்ணு."

லூதிங் தலையாட்டினாள். வீட்டு மனுஷி என்றால் அந்த வீட்டில் ஒரு கருவாடு வறுக்க விடுவார்களா என்று அவள் ஒரு தரம் அக்காவிடம் கேட்டதுண்டு. பெலிசா சிரித்துவிட்டு, திரைச்சீலையில் வாசம் ஏறிவிடுமாம் என்றாள். அந்த வீட்டு அடுப்பில் ரொட்டிச் சூப்பும் பீன்ஸும் முயல் கறியும் அவள் கையால் வெந்தன. விருந்துக்கு வந்தவர்கள் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவளுடைய சாப்பாடு மட்டும் அங்கே வேகவில்லை.

அதற்குத்தான் வியாழக்கிழமை. வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு அன்று பாதி நாள் லீவு, இரண்டு மணியிலிருந்து எட்டு மணிவரை. பெலிசா பஸ் ஏறி ஆற்றுக்கு அக்கரையில் லூதிங்கின் வாடகை வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடுவாள். வந்ததும் கைப்பையை வைக்காமலே அரிசியைக் களைவாள். கோழியை இஞ்சியோடு வதக்கி, பப்பாளிக்காய் போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு முருங்கைக்கீரையைத் தூவி மூடும் தினோலா. வினிகரில் ஊறிய பன்றிக்கறி. கருவாடு. பப்பாளி கிடைக்காத வாரம் சுரைக்காய், கீரை எப்போதும் வங்காளக் கடையில் உறைய வைத்தது. தின்று, பேசி, டப்பாவில் கட்டிக்கொண்டு, எட்டு மணிக்குள் திரும்பிவிடுவாள். இருபத்தாறு வருஷம் இதுதான். உலகமெல்லாம் கிளம்பி வந்து அண்ணாந்து பார்க்கிற ஊரில் அவள் பஸ் ஜன்னல் காட்டியதைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது போய்ப் பார்ப்போமே என்று லூதிங் கூப்பிட்டால், "ஊரப் பாக்கப் போனா சோத்த யாருடி ஆக்குறது? அது அறுநூறு வருஷமா அங்கதான் நிக்குது. ஓடியா போயிடும்?" என்பாள்.

வேலையை விட்டுவிட்டு வந்ததும் பார்ப்பதாக ஏற்பாடு. ஈஸ்டரோடு விடுகிறேன் என்றாள். கோடை முடியட்டும் என்றார்கள் அந்த வீட்டில். கோடை முடிந்தது, வேறு ஆள் கிடைக்கட்டும் என்றார்கள். கடைசியில் நவம்பர் பதினைந்து என்று முடிவானது. லூதிங் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையைக் காலி செய்து கட்டில் வாங்கிப் போட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை, பெலிசா சிஞோராவின் படுக்கையறைத் திரைச்சீலையைக் கழற்ற ஏணியில் ஏறி, இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நவம்பர் பதினைந்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

டொனாட்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு லூதிங்கின் கையைப் பிடித்தாள். "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். திங்கக்கிழமையிலருந்து நீ வர முடியுமா? உன் முகம் அவ மாதிரியே இருக்கு. அம்மா பயப்படமாட்டாங்க."

லூதிங் கையை விடுவித்துக்கொண்டு அக்காவின் காலரை நீவிவிட்டாள்.

"ஒரு குறை சொல்ல முடியாது அவள," என்றாள் டொனாட்டெல்லா பெட்டியைப் பார்த்து. "லீவுக்குப் போனா பனி கொட்டினாலும் எட்டு மணிக்கு வாசல்ல நிப்பா. ஒரு வியாழக்கிழமை தவறினதில்ல."

"இன்னைக்கு வியாழக்கிழமை," என்றாள் லூதிங்.

டொனாட்டெல்லாவுக்குப் புரியவில்லை.

"இன்னைக்கு வரமாட்டா. நானும் திங்கக்கிழமை வரமாட்டேன். அம்மாவப் பாத்துக்கங்க."

குனிந்து அக்காவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நெற்றி சில்லென்று இருந்தது. அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. காவலாளி மூன்றாவது முறை எட்டிப் பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

வாசலில் சரீத்தோவும் அவள் புருஷன் அன்செல்மோவும் மட்டும் காத்திருந்தார்கள். சரீத்தோ லூதிங்கின் சித்தப்பா மகள், ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாடகை வீடு. அன்செல்மோ ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவன். உலகத்தில் எதையும் அவசரமாகச் செய்யத் தேவையில்லை என்று நம்புகிறவன்.

"வா, ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றாள் சரீத்தோ. "நாங்களும் இன்னும் எங்கயும் நிக்கல, உனக்காகத்தான் காத்திருக்கோம்."

"நான் வீட்டுக்குப் போறேன்."

"போலாம். காபி குடிச்சிட்டுப் போலாம்."

"எங்கயும் நிக்கமாட்டேன் சரீத்தோ. அவ என் கூட வர்றா."

சரீத்தோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பைத்தியமாடி உனக்கு? செத்தவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

"மூணு வாரம் கழிச்சு வர வேண்டியவ. மூணு வாரம் முன்னாடி வர்றா. அதுல என்ன? ஆத்மா பூமியில இருக்கற அந்த நாப்பது நாளும் நம்ம வீட்டுல இருக்கட்டும். அப்புறம் அவளுக்கு எங்க தோணுதோ அங்க போகட்டும்."

"வீட்டுல ஜோவலின் இருக்கா. எட்டு மாசம்டி அவளுக்கு."

ஜோவலின் சரீத்தோவின் ஒரே மகள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. சரீத்தோவின் பயத்தைச் சும்மா பயம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டுக்குச் சாவு வாடை ஆகாது என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். காலையில் லூதிங் தினோலாவுக்குக் கோழி வெட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் ஆறரைக்குக் கீரை போடு என்று ஜோவலினிடம் சொன்னபோதே சரீத்தோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாவு தீராத வீட்டில் முருங்கைக்கீரை சமைக்க மாட்டார்கள். காம்பைப் பிடித்து ஒரு இலையை உருவினால் அடுத்ததும் கூடவே வருமாம், சாவும் அப்படித் தொடருமாம். அப்போது வாயை மூடிக்கொண்டவள் இப்போது மூடிக்கொள்வதாக இல்லை.

"அவ பிரசவத்துக்குத் தினோலா வெச்சுக் குடுக்கறதுக்குத்தான் வர்றேன்னு அக்கா சொல்லிட்டிருந்தா," என்றாள் லூதிங். "பால் ஊறணும்னா முருங்கைக்கீரைதான்னு ஜோவலின்கிட்ட அவதான் சொன்னா. அவளா அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் பண்ணுவா?"

சொல்லிவிட்டு நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. நிறுத்தத்தில் நிற்பதும் நிற்பதுதானே. நகரத்தைப் பார்த்துத் தெற்கே இறங்கும் சாலையில் இறங்கினாள்.

"நடந்தா போகப் போற? ரெண்டு மணி நேரம் ஆகும்," என்று அன்செல்மோ பின்னால் வந்தான்.

"ஆகட்டும். அவளுக்கு எட்டு மணி வரைக்கும் லீவு. ஊரையும் பாத்த மாதிரி ஆச்சு."

சரீத்தோ ஒரு கணம் யோசித்தாள். லூதிங்கைத் தனியாக விட்டால் நேராகப் போய்க் கதவைத் தட்டிவிடுவாள். வழியில் எங்கேயாவது ஒரே ஒரு நிமிஷம் நிற்க வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. அவளும் கூடவே ஓடினாள்.

முதல் சோதனை சிவப்பு விளக்கு. கார்கள் சீறிக்கொண்டு போயின. லூதிங் விளக்குக் கம்பத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். சரீத்தோ அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினாள்.

"சிவப்பு விளக்குல நின்னா அது கணக்குல வராது," என்றான் அன்செல்மோ, கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றபடி.

"வரும்," என்றாள் சரீத்தோ.

"வராதுங்கறேன். ஒரு இடத்துல உக்காரணும், இல்ல நின்னு எதையாவது வாயில போடணும்."

"ஆமா, இவரு பெரிய பாதிரியாரு," என்றாள் சரீத்தோ மூன்றாவது சுற்றில். பச்சை விழுந்தது.

ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து, மரங்கள் நின்ற சாலையைத் தாண்டி, பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களுக்குள் வந்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லூதிங்கின் இடது முழங்கால் எரிந்தது. ஐம்பத்து நாலு வயதுக் கால், அதில் முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டி போட்ட கால். நடை மட்டும் குறையவில்லை.

தெருவின் முடிவில் பெரிய மாதா கோயிலின் குவிமாடம் சிவப்பாக எழுந்து வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. லூதிங்கும் அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்து வருஷக் கணக்கு ஆகிறது. சுற்றிலும் ஆயிரம் பேர் அண்ணாந்துகொண்டு அசையாமல் நின்றார்கள். அந்த இடத்தில் நிற்காதவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, பாத்துக்க. உங்க சிஞோரா வீட்டு நடையில மாட்டியிருக்கற படம் இதுதான். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை தொடைப்பியே. நேர்ல எவ்ளோ பெருசு பாரு. இதத் தொடைக்கச் சொல்லலையேன்னு சந்தோஷப்படு."

நின்று பார்க்க முடியாததால் கோயிலை ஒரு முழுச் சுற்று வந்தாள், சாமி வலம் வருவது போல. பச்சையும் வெள்ளையுமான சுவர், வெண்கலக் கதவு, மணிக்கூண்டு என்று ஒவ்வொன்றையும் கை நீட்டிக் காட்டினாள். காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டு விரைகிற பிலிப்பைன்ஸ் பொம்பளையைப் பார்த்து ஒரு சுற்றுலாக் கூட்டம் வழிவிட்டது. பின்னால் சரீத்தோ மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஐஸ்கிரீம் வாங்கிட்டு வாங்க," என்று அவள் புருஷனின் காதைக் கடித்தாள். "உக்காந்து தின்னச் சொல்லுவோம். போங்க, நான் இவள விடாமப் போறேன்."

அன்செல்மோ கடைக்குள் போனான். வரிசையில் நின்றான். எல்லா வகையிலும் ஒரு கரண்டி ருசி பார்த்தான். மூன்று தெரு தள்ளி அவர்களைப் பிடித்தபோது ஐஸ்கிரீம் அவன் மணிக்கட்டு வரைக்கும் உருகியிருந்தது.

"உக்காரு லூதிங், சட்டையெல்லாம் ஊத்துது பாரு," என்றாள் சரீத்தோ, கல் பெஞ்சைக் காட்டி.

லூதிங் கிண்ணத்தை வாங்கி நடந்துகொண்டே தின்றாள். "பிஸ்தாவா? அக்காவுக்குப் பிஸ்தா பிடிக்காது. ஆனா தின்னுட்டுக் குறை சொல்லத்தான் அவளுக்குப் பிடிக்கும்," என்றாள்.

அரண்மனைச் சதுக்கத்தில் அம்மணமாக ஒரு கல் வாலிபன் நின்றான். பெலிசாவுக்கு அவனைத் தெரியும். டொனாட்டெல்லாவின் மகன் ஒரு கிறிஸ்துமஸுக்கு, அந்த வாலிபனின் கழுத்திலிருந்து தொடைவரை அச்சடித்த சமையல் ஏப்ரனைப் பரிசாகக் கொடுத்தான். வீடே சிரித்தது. பெலிசாவும் சிரித்தாள். பிறகு பத்து வருஷம் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கட்டிக்கொண்டு சமைத்தாள்.

"இவன்தான் அக்கா. முழுசாப் பாத்துக்க. மூஞ்சியும் இருக்கு இவனுக்கு," என்றாள் லூதிங்.

சரீத்தோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோமே என்று ஆத்திரமும் வந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் நகைக்கடைகள் நிறைந்த பழைய பாலத்துக்கு வந்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். நடுப் பாலத்தில் ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. முன்னாலும் கூட்டம், பின்னாலும் கூட்டம். ஓரடி நகர வழியில்லை. லூதிங் இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தாள். சரீத்தோ அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் சுற்ற இவளும் சுற்றினாள்.

"உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன் லூதிங். ஒரு நிமிஷம் நில்லு. இங்கயே இருக்கட்டும் அவ. எவ்ளோ நல்ல இடம் பாரு, ஆறு இருக்கு, தங்கம் இருக்கு. ராணி மாதிரி இருப்பா. என் பொண்ணு வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரப் போய்க் கேப்பேன்?"

சரீத்தோ அழுதாள். லூதிங் சுற்றுவதை மெதுவாக்கினாள். நின்றுவிடலாம் என்று தோன்றியது. முழங்காலும் அதையே சொன்னது. சரீத்தோவைப் போல் அவளுக்கும் அந்தப் பிள்ளை வேண்டும். நின்றால் அக்கா இங்கே, படம் எடுக்கிறவர்களின் காலடியில், யாருக்கும் வழி மறிக்காமல் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்பாள். இருபத்தாறு வருஷம் அப்படித்தானே நின்றாள்.

"அவ யாரையாவது பயமுறுத்தற ஆளா சரீத்தோ?" என்றாள். "அடுத்தவங்க வீட்டுல செருப்புச் சத்தம் கேக்காம நடந்தவ அவ. ராத்திரி இருமல் வந்தா தலகாணில வாயப் பொத்திக்குவா. என்கிட்ட சொல்லியிருக்கா. நம்ம வீட்டுக்கு வந்து நாப்பது நாள் சத்தமா இருந்துட்டுப் போகட்டுமே. அதுக்கும் ஒரு இடம் இல்லையா அவளுக்கு?"

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். யாரோ அவர்களையும் படம் எடுத்தார்கள். கல்யாணப் பெண் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நகர, கூட்டம் உடைந்தது. லூதிங் புகுந்து போய்விட்டாள்.

அக்கரை வந்ததும் சரீத்தோ நடந்துகொண்டே மகளுக்குப் போன் செய்தாள். "உன் சித்தி வர்றா. கதவத் தொறக்காத. ஏன்னு கேக்காத, தொறக்காத. அவ எங்கயும் நிக்காம வர்றா." மறுபடியும் செய்தாள். மறுபடியும் செய்தாள். ஏழாவது தடவைக்குப் பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கடைசி ஆயுதமாக, ஒவ்வொரு காபிக்கடையையும் தாண்டும்போது உள்ளே தெரிந்தவர் யாரோ இருக்கிற மாதிரி எட்டிப் பார்த்தாள். லூதிங் திரும்பவே இல்லை.

வீடு மூன்றாவது மாடி. மாடித் திருப்பங்களில் லூதிங் எப்போதும் மூச்சு வாங்க நிற்பாள், இன்று நிற்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி படியாக உடம்பைத் தூக்கினாள். "இன்னும் ஒரு மாடிதான் அக்கா," என்று முணுமுணுத்தாள். படிக்கட்டு முழுவதும் இஞ்சி வாசம் இறங்கி வந்துகொண்டிருந்தது.

கதவு திறந்திருந்தது. ஜோவலின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கையில் கரண்டியோடு நிலையில் நின்றாள்.

"அம்மா ஏழு தடவ போன் பண்ணிட்டாங்க," என்றாள். "கீரையப் போட்டு மூடிட்டேன் சித்தி. பெரியம்மாவ வாசல்ல நிக்க வெக்காதீங்க. உள்ள வாங்க."

லூதிங் உள்ளே போனாள். நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலோர நாற்காலியை இழுத்து விட்டாள், அடுத்ததில் தான் உட்கார்ந்தாள். மேசையில் கையை ஊன்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நாலு நாளில் அதுதான் முதல் அழுகை. மேல்மாடிக்காரன் கேட்பானே என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை.

சரீத்தோ கடைசிப் படியில் கால் வைத்தபோது அன்செல்மோ பின்னாலிருந்து கேட்டான்: "நான் ஐஸ்கிரீம் கடையில நின்னேன். நான் உதறியாச்சு. நீ எங்கடி நின்ன?"

சரீத்தோ வாயைத் திறந்தாள். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. சிவப்பு விளக்கில் கம்பத்தைச் சுற்றினாள். கோயிலைச் சுற்றினாள். பெஞ்சில் உட்காரச் சொன்னாள், தான் உட்காரவில்லை. பாலத்தில் சுற்றினாள். லூதிங்கை நிறுத்துகிற கவலையில் தான் நிற்க வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

"வேலியில போன ஓணான மடியில விட்டுக்கிட்ட கதையாப் போச்சு," என்றான் அன்செல்மோ.

சரீத்தோ வாசலுக்கு வெளியே, இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். நிலையைத் தாண்டவும் இல்லை, அசையாமல் நிற்கவும் இல்லை. "கீழ காபிக்கடையில ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்," என்றாள். "அஞ்சு நிமிஷம்."

"போங்கம்மா," என்றாள் ஜோவலின். "ஆனா பெரியம்மா யாரு பின்னாடி வந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? சித்தி பின்னாடியா, உங்க பின்னாடியா? நீங்க போய் நின்னா, அங்க தங்கிடப் போறாங்க. டிவியில பந்தாட்டம் பாத்துக் கத்தற ஆம்பளைங்களுக்கு நடுவுல."

சமையலறையில் லூதிங் தலையைத் தூக்கினாள். சரீத்தோ அவளைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் நடந்ததெல்லாம் இப்போது சரீத்தோவின் காலில் இருந்தது. லூதிங் போகாதே என்று சொல்லவில்லை. நிற்கச் சொல்லித்தான் சரீத்தோ இரண்டு மணி நேரம் கெஞ்சினாள். திரும்பக் கெஞ்ச லூதிங்கிடம் வார்த்தை மிச்சமில்லை.

சரீத்தோ படியிறங்கினாள்.

ஜோவலின் தட்டுகளை எடுத்து வைத்தாள். அன்செல்மோ உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். கதவைச் சாத்தவில்லை. படிக்கட்டிலிருந்து காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியைத் தாண்டிற்று. முதல் மாடித் திருப்பம். நேரம் முடிந்து படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. இருட்டிலும் சத்தம் நிற்கவில்லை. திசை மட்டும் மாறியது.

மெதுவாக ஏறி வந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். இரண்டாவது மாடியில் விளக்கு மறுபடி எரிந்தது. சரீத்தோ நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"சூப் ஆறிடும்," என்று மட்டும் சொன்னாள்.

பிறகு திரும்பிக் கதவைச் சாத்தினாள். வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு தினமும் செய்வது போல, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.